கழற்ற முடிந்ததை வாங்கு!

(இறுதியாண்டு, இயந்திரவியல்)

“பொழைக்கப் போற புள்ளைக்கு கேமரா எதுக்கு?” என்று கேட்பவர்கள் ஒரு பக்கம். “அந்த நடிகை கையில் இருந்த அதே கேமராதான் வேணும்” என்று அடம் பிடிப்பவர்கள் இன்னொரு பக்கம். இந்த இரண்டு கட்சியோடும் எனக்குச் சண்டை இருக்கிறது. அந்தச் சண்டையை மாணவர் பேரவை மலரிலேயே போட்டுவிடலாம் என்றுதான் இதை எழுதுகிறேன், நண்பர்களே!

பிலிம் கேமரா செத்துப் போச்சு என்றுதான் எல்லோரும் நினைத்தோம். கோடக் கம்பெனியே 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்பு கேட்டு அமெரிக்க நீதிமன்றத்துப் படி ஏறியது. நம் ஊட்டியில் 1967-ல் உற்பத்தி தொடங்கி ‘இந்து’ என்ற பெயரில் பிலிம் தயாரித்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை இன்று இல்லை. ஆனால் செத்தது திரும்பி வந்திருக்கிறது. பென்டாக்ஸ் 2024-ல் ‘17’ என்ற பெயரில் புத்தம் புதிய பிலிம் கேமராவையே வெளியிட்டது. நம் விடுதியிலும் பாருங்கள், சட்டைப் பைக்குள் அடங்கும் சின்னச் சின்ன பிலிம் கேமராக்கள் நடமாடத் தொடங்கிவிட்டன. அதிலும் எல்லோரும் ஏங்குவது சாதாரணப் பிளாஸ்டிக் டப்பாவுக்கு இல்லை. ஒரு காலத்தில் பணக்காரர்களுக்காகவே செய்யப்பட்ட உயர்ரகச் சின்னக் கேமராக்களுக்கு.

ஆசைப்படுவது தப்பா? இல்லவே இல்லை. ஆனால் டிப்ளமோ படிக்கிறவன் ஆசைப்படும்போது அவன் படித்த படிப்பும் கூட வர வேண்டும். என் கருத்து அவ்வளவுதான்.

சின்ன டப்பா, பெரிய விஷயம்

முதலில் இந்தக் கேமராவில் என்ன விசேஷம் என்று பார்ப்போம். 35 மி.மீ. பிலிமில் ஒரு படத்தின் அளவு 24 x 36 மி.மீ. கல்யாண வீட்டில் போட்டோகிராபர் கழுத்தில் தொங்கிய பெரிய கேமராவிலும் அதே அளவுதான், சட்டைப் பைக்குள் போகும் சின்னக் கேமராவிலும் அதே அளவுதான். பெட்டி சிறுத்தாலும் படம் சிறுக்காது.

இன்னொன்று, கண்ணாடி. எஸ்.எல்.ஆர். கேமராவில் லென்ஸுக்கும் பிலிமுக்கும் நடுவே ஒரு கண்ணாடி மேலும் கீழும் ஆட வேண்டும். அதற்கு இடம் விட்டுத்தான் லென்ஸ் போட முடியும். நிக்கான் கேமராவில் லென்ஸ் மாட்டும் வளையத்திலிருந்து பிலிம் வரை 46.5 மி.மீ. தூரம். 28 மி.மீ. லென்ஸை அங்கே பொருத்த வேண்டுமானால் லென்ஸுக்குள் சுற்று வழி போட வேண்டும், எடை கூடும். சின்னக் கேமராவில் ஆடும் கண்ணாடி கிடையாது. லென்ஸின் பின்பக்கத்தைப் பிலிமுக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் வைக்கலாம். அதனால் நாலைந்து கண்ணாடித் துண்டுகளிலேயே அருமையான லென்ஸ் செய்துவிட முடிகிறது. இந்தக் கேமராக்கள் பலவற்றில் ஷட்டரும் லென்ஸுக்குள்ளேயே இருக்கிறது. ‘க்ளிக்’ என்று ஒரு சின்னச் சத்தம், தூங்குகிற குழந்தைகூட விழிக்காது.

ஆக, இது பொம்மை அல்ல. நல்ல என்ஜினியர்கள் மண்டையை உடைத்துச் செய்த மெஷின்.

டைட்டானியம் காலம்

1980களின் கடைசியில் ஜப்பானில் பணம் கரைபுரண்டு ஓடியது. அந்தக் காற்று அடித்தபோது பிறந்தவைதான் இந்த உயர்ரகக் கேமராக்கள். 1990-ல் கியோசெரா கம்பெனி கான்டாக்ஸ் டி2-வைக் கொண்டு வந்தது. டைட்டானிய உடல், கார்ல் ஸைஸ் பெயர் போட்ட 38 மி.மீ. சோனார் லென்ஸ். 1993-ல் நிக்கான் 35டிஐ வந்தது. அதன் தலையில் கடிகாரம் மாதிரி முள் வைத்த டயல்! அபெர்ச்சர், தூரம், எத்தனையாவது படம் எல்லாவற்றையும் அந்த முள்களே காட்டும். 1995-ல் லைகா மினிலக்ஸ். 1996-ல் ரிக்கோ ஜிஆர்1, மினோல்டா டிசி-1 இரண்டும்.

டைட்டானியம் என்றதும் வாயைப் பிளக்கிறோம். நம் ஒர்க்ஷாப்பில் மைல்டு ஸ்டீல் கடைகிறோமே, அந்த வேகத்தில் டைட்டானியத்தைக் கடைந்தால் டூல் முனை கருகிவிடும். சூட்டை வெளியே விடாத உலோகம் அது. தகடாக வைத்து பிரஸ்ஸில் அழுத்தினாலும் வில் மாதிரி கொஞ்சம் திரும்பிக் கொள்ளும். அதையும் மீறி அளவு பிசகாமல் அந்த உறையைச் செய்தவர்களுக்குக் கும்பிடு போடலாம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த யோசனை ரிக்கோ ஜிஆர்1-ல் இருக்கிறது. பிலிம் போட்டதும் அது முழு ரோலையும் வெளியே இழுத்துவிடும். பிறகு ஒவ்வொரு படம் எடுக்கும்போதும் ஒரு பிரேமை மட்டும் டப்பிக்குள் திருப்பி அனுப்பும். நடுவில் தெரியாமல் பின்மூடி திறந்துவிட்டாலும் எடுத்து முடித்த படங்கள் டப்பிக்குள் பத்திரமாக இருக்கும். ஜப்பான் போட்டோகிராபர் டைடோ மொரியாமா இந்த வரிசைக் கேமராவோடு தெருத் தெருவாக நடந்தவர்.

விலை ஏறிய கதை

2005-ல் கியோசெரா, கான்டாக்ஸ் கேமரா வியாபாரத்தையே நிறுத்துவதாக அறிவித்தது. அதன் பிறகு அந்தக் கேமராவை யாரும் சீந்தவில்லை. 2017-ல் அமெரிக்க டிவியில் ஜிம்மி ஃபாலன் நிகழ்ச்சிக்கு கெண்டல் ஜென்னர் ஒரு கான்டாக்ஸ் டி2-வோடு வந்தார். விலை ஏணியில் ஏறியதற்கு அதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். யோசித்துப் பாருங்கள். அந்த லென்ஸ் ஒரு மைக்ரான்கூட மாறவில்லை, ஷட்டர் இளமையாகவில்லை. ஒருவர் கையில் இருந்தது, அவ்வளவுதான்.

இதன் சூடு நம் விடுதி வரைக்கும் அடித்தது. என் நண்பன் ஒருவன் போன வருஷம் 22,000 ரூபாய் கொடுத்து டைட்டானிய உடல் கேமரா ஒன்றை ஆன்லைனில் வாங்கினான். அதில் பாதிப் பணம் அவன் அம்மா மகளிர் குழுவில் எடுத்த கடன். பரீட்சைக் கட்டணத்துக்கும் பஸ்ஸுக்கும் வைத்திருந்தது. மூன்றாவது ரோலில் லென்ஸ் பாதி நீண்டது, அப்படியே நின்றது. விற்றவர் போனை எடுக்கவில்லை. மூன்று கடை ஏறினோம். மூன்று கடையிலும் ஒரே பதில்: “பார்ட்ஸ் இல்ல தம்பி. இத யாரும் தொட மாட்டாங்க.”

அவனைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. குறை நம் எல்லோருக்கும் பழகிப்போன வாங்கும் முறையில் இருக்கிறது. மூன்று வருஷம் மெஷின் படிக்கிறோம். ஆனால் சொந்தக் காசில் ஒரு மெஷின் வாங்கும்போது மட்டும் பெயரைப் பார்த்து, பளபளப்பைப் பார்த்து, யார் கையில் இருந்தது என்று பார்த்து வாங்குகிறோம்.

மேல்மூடியைக் கழற்றினால்...

அந்த டைட்டானியத்துக்கு உள்ளே என்ன இருக்கிறது? தகடு மாதிரி வளையும் சர்க்யூட், தீக்குச்சித் தலை அளவு பல்சக்கரங்கள், மோட்டார்கள், அந்தக் கேமராவுக்கென்றே செய்த சிப்பு. லென்ஸ் ஒவ்வொரு முறை நீண்டு சுருங்கும்போதும் வளையும் சர்க்யூட்டும் கூடவே வளைகிறது. கம்பியைப் பத்து முறை வளைத்தால் ஒடியும் என்று நமக்கு முதல் வருஷத்திலேயே சொல்லிக் கொடுத்தார்கள். அதே கதைதான் இங்கும். மினிலக்ஸ் கேமராவில் ‘இ02’ என்று ஒரு எழுத்து வந்தால் அதை வைத்திருப்பவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். ஷட்டர் பக்கத்து வளையும் சர்க்யூட் அடிவாங்கியதைப் பெரும்பாலும் அந்த எழுத்துதான் சொல்லும்.

திருகாணி தேய்ந்தால் நாம் வேறு கடைந்துவிடலாம். ஸ்பிரிங் போனால் சுற்றிவிடலாம். முப்பது வருஷத்துக்கு முன் நின்றுபோன ஒரு சிப்புக்கு எங்கே போவது? எந்த பிட்டருக்கும் அங்கே வேலை இல்லை.

எலக்ட்ரானிக்ஸ் துறை நண்பர்களுக்கு ஒரு எச்சரிக்கையும் சொல்லி விடுகிறேன். பிளாஷ் உள்ள கேமராவை ஆர்வத்தில் திறக்காதீர்கள். பிளாஷ் கெப்பாசிட்டரில் ஏறக்குறைய 300 வோல்ட் நிற்கும். பேட்டரியைக் கழற்றிய பிறகும் நிற்கும். தெரிந்தவர் பக்கத்தில் இல்லாமல் கை வைக்க வேண்டாம்.

என் தேர்வு

“சரிடா, நீ என்னதான் வாங்கச் சொல்ற?” என்பீர்கள். சொல்கிறேன்.

என்னிடம் இருப்பது ரோலை 35. கோடை விடுமுறையில் எங்கள் ஊர் ஸ்டுடியோவில் வேலை பார்த்தேன், அண்ணாச்சி சம்பளத்தில் ஒரு பகுதியாக இதைக் கொடுத்தார். சிங்கப்பூர் போய் வந்த ஒருவர் எப்போதோ அவரிடம் விற்றது. தயாரிப்பு 1970களின் தொடக்கத்தில் சிங்கப்பூருக்குப் போனதால் இதிலும் அந்த ஊர்ப் பெயர்தான் பொறித்திருக்கிறது. கையில் வந்தபோது அரை செகண்டு வேகம் ஒட்டிக் கொண்டிருந்தது. மெதுவான வேகங்களுக்கான பல்சக்கரக் கூட்டம் மேல்மூடிக்குக் கீழே தனியாக இருக்கிறது. அண்ணாச்சி மூடியைக் கழற்றி, காய்ந்த எண்ணெயைக் கழுவி, ஊசி முனையில் புது எண்ணெய் தொட்டு வைத்தார். ஓடிற்று! ஐம்பது வயது மெஷின் ஒரு மாலை நேர வேலையில் உயிர் பெற்றது.

இதைப் படைத்த ஹைன்ஸ் வாஸ்கெ கதை நாம் தெரிந்துகொள்ள வேண்டியது. ஜெர்மனியில் வைர்கின் என்ற கேமரா கம்பெனியில் வேலை பார்த்தவர். ஓய்வு நேரத்தில் இந்தச் சின்னக் கேமராவின் மாதிரியைச் செய்தார். முதலாளியிடம் காட்டினால், கேமரா உற்பத்தியையே நிறுத்தப் போகிறோம் என்று பதில் வந்ததாம். மனிதர் மாதிரியைத் தூக்கிப் போடவில்லை. 1965-ல் ரோலை கம்பெனிக்குப் போனார். 1966-ல் கொலோன் நகரக் கண்காட்சியில் ரோலை 35 வெளிவந்தது.

லென்ஸ், 40 மி.மீ. டெஸ்ஸார். மூன்று கூட்டத்தில் நான்கே கண்ணாடித் துண்டுகள். பால் ருடால்ஃப் 1902-ல் வரைந்த வடிவம், நூறு வருஷம் தாண்டியும் நிற்கிறது. ஷட்டர், பிலிம் ஓட்டுவது, தூரம் வைப்பது எல்லாமே கையும் ஸ்பிரிங்கும். பேட்டரி வெளிச்சம் அளக்கும் மீட்டருக்கு மட்டும். அது கேட்கும் பாதரச பேட்டரி இப்போது தயாரிப்பிலேயே இல்லை. மீட்டர் இல்லாவிட்டால் என்ன? நம் ஊர் வெயிலுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. அபெர்ச்சர் 16-ல் வை. பிலிம் வேகம் 100 என்றால் ஷட்டர் 1/125. அதுவே அபெர்ச்சர் 11 என்றால் 1/250. தூரத்தைக் கண் மதிப்பில் வைக்க வேண்டும் என்று பயப்படவும் வேண்டாம். அபெர்ச்சர் 8, தூரம் 3 மீட்டர் என்று வைத்தால் ஏறக்குறைய 2 மீட்டரிலிருந்து 5 மீட்டர் வரை எல்லாம் தெளிவாக விழும்.

குறை இல்லாமலா? பிளாஷ் மாட்டும் இடம் கேமராவின் அடியில் இருக்கிறது, முகத்துக்குக் கீழிருந்து வெளிச்சம் அடித்தால் பேய்ப்பட மாதிரி வரும். கேமராவைத் தலைகீழாகப் பிடிக்க வேண்டும். ஷட்டரை ஏற்றாமல் லென்ஸை உள்ளே தள்ளக் கூடாது. அவசரக்காரனுக்கு இது ஒத்து வராது. ஓடி விளையாடும் குழந்தையை எடுப்பதற்கு ஜிஆர்1 மாதிரி தானே ஃபோகஸ் செய்யும் கேமரா பத்து மடங்கு மேல், மறுக்கவில்லை.

பேட்டரியில் ஓடினாலும் பரவாயில்லை, ஃபோகஸ் உதவி வேண்டும் என்பவர்களுக்கு 1979-ல் வந்த ஒலிம்பஸ் எக்ஸ்ஏ. மெக்கானிக்கல் என்ஜினியரிங் படித்த மைதானி யோஷிஹிசா வடிவமைத்தது. இழுத்து மூடும் கதவே லென்ஸுக்கும் மூடி, கேமராவுக்கும் உறை. ரேஞ்ச்ஃபைண்டர் உண்டு, நீளும் மோட்டார் கிடையாது. ரிப்பேர் ஆக வேண்டிய சமாச்சாரம் குறைவு.

சுமைகூலி முக்கால் பணம்

“சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்” என்பார்கள். பிலிம் கேமரா அதற்கு நேர் உதாரணம். ஒரு ரோலும் அதைக் கழுவி ஸ்கேன் செய்வதும் சேர்ந்து 1,500 ரூபாய் ஆகிறது என்று வைத்துக் கொள்வோம். 36-ஆல் வகுத்தால் ஒரு படத்துக்கு 41 ரூபாய் 67 காசு. கேன்டீனில் ஒரு வேளைச் சாப்பாடு ஒவ்வொரு ‘க்ளிக்’குக்கும் போகிறது! பென்டாக்ஸ் 17 பாதி பிரேம் கேமரா, ஒரே ரோலில் 72 படம் வரும். ஆனால் அமெரிக்காவில் அதன் அறிமுக விலையே 500 டாலர்.

சிக்கனத்துக்கு வழி, கறுப்பு வெள்ளை பிலிமை 100 அடிச் சுருளாக வாங்கி நாமே டப்பியில் சுற்றிக் கொள்வது. 100 அடியில் ஏறக்குறைய 18 ரோல் வரும். இங்கேதான் இன்னொரு சூட்சுமம். டைட்டானியக் கேமராக்கள் பலவும் பிலிம் டப்பியின் மேல் உள்ள குறிகளைத் தொட்டுத்தான் வேகத்தைத் தெரிந்து கொள்ளும். கான்டாக்ஸ் டி2-வில் நாமே வேகம் வைக்க வழியில்லை. குறி இல்லாத டப்பியைப் போட்டால் அது தன் இஷ்டத்துக்கு ஒரு வேகத்தை எடுத்துக் கொள்ளும். ரோலையிலும் எக்ஸ்ஏயிலும் நாம்தான் வைக்கிறோம். ஏழைக்கேற்ற கேமரா எது என்று பார்த்தீர்களா?

கையில் எடுத்ததும் பார்

பழைய கேமராவைக் கையில் வாங்கியதும் பின்மூடியைத் திறந்து, லென்ஸ் வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி தெரிந்தால் பூஞ்சை. தூத்துக்குடி, நாகப்பட்டினம் மாதிரிக் கடலோர ஊர்களில் இருந்து வந்த கேமரா என்றால் இரண்டு முறை பாருங்கள். பேட்டரி அறையில் பச்சை படிந்திருக்கிறதா? மூடி ஓரத்து ஸ்பாஞ்சு பிசின் மாதிரி கையில் ஒட்டுகிறதா? ஸ்பாஞ்சை மாற்றிவிடலாம், பச்சை உள்ளே ஏறியிருந்தால் விட்டுவிடுங்கள். மெதுவான வேகங்களை ஒவ்வொன்றாக வைத்துக் காதால் கேளுங்கள். மோட்டார் கேமரா என்றால் பேட்டரி போட்டு லென்ஸ் இருபது முறை நீண்டு சுருங்குகிறதா என்று எண்ணுங்கள். ஒரு ரோல் எடுத்துக் கழுவிப் பார்க்கும்வரை முழுப் பணம் தராதீர்கள். முகம் தெரியாதவரிடம் வாங்கவே வேண்டாம்.

நமக்கு எதுக்கு?

இப்போது முதல் கட்சிக்கு வருகிறேன். “நமக்கு எதுக்குப்பா இதெல்லாம்?” எங்கள் வீட்டிலும் இதைத்தான் கேட்டார்கள். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான், அதனால் அவர்கள் பயம் எனக்குப் புரிகிறது. என் பதில் இது. என் தாத்தா முகம் இன்றைக்கு ஒரே இடத்தில்தான் இருக்கிறது, வாக்காளர் அட்டையில். ஸ்டாம்பு அளவில், மங்கலாக. எழுபது வருஷம் வாழ்ந்த மனுஷனை ஒரு நல்ல லென்ஸ் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. நல்ல லென்ஸ் என்பது யார் வீட்டுப் பாட்டனுக்கு, யார் வீட்டுப் பாட்டனுக்கு இல்லை என்று யார் முடிவு செய்தது?

போனில் எடுக்கலாமே என்றால், எடுங்கள். இருட்டிலும் எடுக்கும், செலவும் இல்லை. ஆனால் போன் தண்ணீரில் விழுந்த அன்றைக்கு எத்தனை பேர் படங்களைப் பறிகொடுத்துத் தலையில் கை வைத்திருக்கிறீர்கள்! நெகட்டிவை ஒரு கவரில் போட்டு ஈரம் படாமல் பீரோவில் வைத்தால் போதும். வெளிச்சத்தில் பிடித்தால் பேரன்கூடப் பார்ப்பான். பாஸ்வேர்டு கேட்காது.

பேரவைக்கு ஒரு வேண்டுகோள்

ஆளுக்கொரு கேமராவுக்கு 20,000, 30,000 என்று கடன்பட வேண்டிய அவசியமே இல்லை. ஆண்டு விழா ஒளி ஒலிச் செலவில் கொஞ்சம் குறைத்து, பேரவை சார்பில் கழற்றி மாட்டக்கூடிய கேமரா ஒன்று, 100 அடி பிலிம் ஒரு சுருள், கழுவும் டேங்க் ஒன்று வாங்குவோம். பழைய ஸ்டோர் ரூம் ஒன்று சும்மா பூட்டிக் கிடக்கிறது, ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போதும். கறுப்பு வெள்ளை பிலிமைக் கழுவ 20 டிகிரி தண்ணீர் வேண்டும். நம் குழாய்த் தண்ணீர் அதற்குச் சூடு, கேன்டீன் ஐஸ் கட்டி போட்டால் சரியாகிவிடும். 18 ரோல், 648 படம். மூன்று துறை மாணவர்களும் அவரவர் வீட்டுப் பெரியவர்களை ஒருமுறையாவது எடுத்துவிடலாம்.

கூடவே ஒரு தொழிலும் பிழைக்கும். இந்தக் கேமராக்களைத் திறக்கத் தெரிந்த கைகள் நம் ஊரில் வயதாகிக் கொண்டிருக்கின்றன. எங்கள் அண்ணாச்சிக்கே கண் மங்கத் தொடங்கிவிட்டது. “கத்துக்கோலே, எனக்கப்புறம் யாரு பாப்பா?” என்கிறார். திருகாணியும் பல்சக்கரமும் படிக்கிற நாம் கற்றுக்கொள்ளாவிட்டால் வேறு யார் கற்பது?

ஆகவே நண்பர்களே, ஆசைப்படுங்கள், தாராளமாக! கடைக்குப் போகும்போது பையில் காசோடு ஒரு சின்ன ஸ்குரு டிரைவரையும் எடுத்துக் கொண்டு போங்கள்!